ஐந்தாவது வௌவால் எங்கே?

எனாமலில், அதாவது சூட்டில் உருகி ஒட்டும் வண்ணத்தில், ஓவியம் தீட்டிய சீனக் கண்ணாடி மூக்குப்பொடிக் குப்பிகளைச் சேர்க்கிறேன் என்று சொன்னால் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். என்ன விலை? அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். 2011இல் ஹாங்காங்கில் பான்ஹாம்ஸ் நடத்திய ஏலத்தில், மேரி, ஜார்ஜ் பிளாக் தம்பதியின் சேகரிப்பிலிருந்து வந்த சியன்லோங் பேரரசர் காலத்துக் குப்பி ஒன்று 2.53 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சாமான். அதே ஊரில், பார்வைக்குக் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கிற ஒன்றைத் தெருக்கடையில் பேரம் பேசி நூறு டாலருக்குள் வாங்கிவிடலாம். இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்பதுதான் இரண்டாவது கேள்வி. அதற்கு என் பதில் இது: அடியில் எழுதியிருக்கும் பேரரசர் பெயர் முத்திரையைக் கடைசியில் பாருங்கள், முதலில் படத்தைப் படியுங்கள்.

நான் வேலை நிமித்தமாக ஹாங்காங் வந்தவன். பழம்பொருள் பைத்தியம் பிடித்தது இங்கே வந்த பிறகுதான். ஹாலிவுட் ரோடும் அதை ஒட்டிய அப்பர் லாஸ்கர் ரோவும் இந்த வியாபாரத்துக்குப் பேர்போன இடங்கள். பின்னதை எல்லோரும் கேட் ஸ்ட்ரீட் என்பார்கள். லாஸ்கர் என்றால் அந்தக் காலத்துக் கப்பல்களில் வேலை பார்த்த இந்திய மாலுமிகள். நம்மாட்கள் மூட்டை முடிச்சோடு இறங்கிய தெருவில் இப்போது புது வெண்கலப் புத்தரும் மாவோ படம் போட்ட கடிகாரமும் விற்கிறார்கள். குப்பிகளும் தட்டு தட்டாகக் கிடக்கும். கண் பழகுவதற்கு நல்ல இடம், பணம் போடுவதற்கு இல்லை.

எனக்குப் படம் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் ஹாலிவுட் ரோட்டில் கடை வைத்திருந்த ஒரு பெரியவர். அவர் வழக்கமே தனி. குப்பியை ஃபெல்ட் துணி விரித்த தட்டில் நிறுத்தி முன்னால் தள்ளுவார். கை உடனே அடிப்பக்கத்தைத் திருப்பப் போகும், விரலால் தட்டிவிடுவார். "என்ன சொல்கிறது, அதை முதலில் சொல்" என்பார். ஒருநாள் வைத்தது பால்வெள்ளைக் கண்ணாடிக் குப்பி. நடுவில் வட்ட வடிவில் 'ஷோ' என்ற எழுத்து. நீண்ட ஆயுள் என்று பொருள். சுற்றிலும் சிவப்பு வௌவால்கள். எண்ணிப் பார்த்தால் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு. "ஐந்தாவது எங்கே?" என்றார். தட்டை மெதுவாகச் சுற்றினேன். குறுகலான பக்கவாட்டில், தோளுக்குக் கீழே, தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நகக்கண் அளவுதான். ஆனால் இறக்கையின் ஒவ்வொரு விலா எலும்பும் தனித்தனிக் கோடாக இருந்தது.

வௌவாலுக்குச் சீனத்தில் 'ஃபூ' என்று பெயர். நற்பேறு என்பதற்கும் அதே ஒலிதான், எழுத்துதான் வேறு. ஆக ஐந்து வௌவால் என்றால் ஐந்து பேறுகள்: நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், அறத்தில் விருப்பம், ஆயுள் முடிந்து அமைதியான சாவு. சிவப்பு என்பதற்கான ஒலி 'பெரிய' என்பதற்கான ஒலியோடு ஒத்துப்போவதால் சிவப்பு வௌவால் பெரும்பேறு. தலைகீழாகத் தொங்கினால் பேறு 'வந்து சேர்ந்துவிட்டது', ஏனென்றால் தலைகீழ் என்பதற்கும் வந்துசேர்தல் என்பதற்கும் ஒலி ஒன்று. ஓவியம் முழுக்க இப்படிச் சிலேடைதான். நம் காளமேகத்தைக் கையில் தூரிகை கொடுத்து உட்கார வைத்தால் இப்படித்தான் வரைந்திருப்பார். நான்கு வௌவாலோடு நிறுத்த முடியாது. நான்கு என்ற எண்ணின் ஒலி சாவை ஞாபகப்படுத்தும், வாழ்த்துப் பொருளில் யாரும் அதை விரும்பி வைக்கமாட்டார்கள். ஐந்தாவதைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது என்றால், அதை அங்கே வைத்தவனுக்கு எண்ணிக்கை தெரிந்திருக்கிறது. தேடியும் கிடைக்கவில்லை என்றால், வரைந்தவன் முன்பக்கப் புகைப்படத்தை மட்டும் பார்த்து வரைந்திருக்க வாய்ப்பு அதிகம். பெரியவர் சொல்லவந்தது அதுதான்.

கொஞ்சம் பின்கதை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கண்ணாடி ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்காது. மூக்குப்பொடியைச் சீனாவுக்குக் கொண்டுவந்தவர்கள் ஐரோப்பியர்கள். 1684இல் நான்ஜிங் நகரில் இயேசு சபைப் பாதிரியார்கள் காங்ஷி பேரரசருக்குப் பரிசுகள் கொடுத்தபோது, மற்றதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பொடியை மட்டும் அவர் வைத்துக்கொண்டாராம். ஐரோப்பாவில் பொடி டப்பாவில் இருந்தது. சீனர்கள் மருந்து வைத்துக்கொள்ளும் சிறு குப்பியையே இதற்கும் எடுத்துக்கொண்டார்கள். காற்றுப் புகாது, ஈரம் படாது, மூடியோடு சேர்ந்த குட்டிக் கரண்டியால் கிள்ளி எடுக்கலாம். எங்கள் தாத்தாவின் பட்டணம் பொடி வாழைமட்டையில் இருந்தது. நெய் மணக்கும் சமாசாரம். சீனப் பொடி உலர்ந்தது, மாவு மாதிரி நைஸானது, மல்லிகை போன்ற பூக்களின் வாசம் ஏற்றுவார்கள். சளி, தலைவலிக்கு மருந்து என்று சொல்லிக்கொண்டே அரண்மனையில் ஆரம்பித்த பழக்கம் அப்புறம் எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது.

1696இல் காங்ஷி பெய்ஜிங்கில் அரண்மனைக் கண்ணாடிப் பட்டறையை ஏற்படுத்தினார். அதை நடத்தியவர் கிலியன் ஸ்டும்ப் என்ற ஜெர்மானியப் பாதிரியார். எனாமல் வேலை தெரிந்த பிரெஞ்சுக்காரர் ழான் பப்தீஸ்த் கிராவெரோ 1719இல் வந்தார். செப்பின் மேல் எனாமல் தீட்டுவது ஓரளவு எளிது. செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும், எனாமல் அதற்கு வெகு முன்பே உருகிவிடும். பீங்கானை 1,300 டிகிரிக்குப் பக்கத்தில் சுட்டாயிற்று, அதன்மேல் எனாமலை அதைவிட மிகக் குறைந்த சூட்டில் இன்னொரு தரம் சுடுவதில் சிக்கல் இல்லை. கண்ணாடி அப்படியில்லை. எனாமலும் ஒருவகைக் கண்ணாடிதான். அது உருகி ஒட்டிக்கொள்ளும் சூட்டில் அடியில் இருக்கும் குப்பியும் தளர ஆரம்பித்துவிடும். சூடு கொஞ்சம் குறைந்தால் வண்ணம் ஒட்டாது, கொஞ்சம் கூடினால் குப்பி சாய்ந்துவிடும். இதையே ஒவ்வொரு வண்ணத்துக்கும் திரும்பச் சுடவேண்டும் என்றால் எத்தனை குப்பி வீணாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அரண்மனைச் செலவு இல்லாமல் இதைச் செய்திருக்க முடியாது. தைபே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் மூங்கில் கணு வடிவத்தில் யோங்செங் பேரரசர் காலத்துக் குப்பி ஒன்று இருக்கிறது. படத்தில் பார்த்தாலே கை நடுங்கும்.

இந்தச் சுடும் சிக்கல்தான் நமக்குப் பெரிய உதவி. பழைய எனாமல் கண்ணாடியை பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் வண்ணப் பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். சுடும்போது குமிழ் வெடித்த தடம். வண்ணம் கண்ணாடியின் மேல் கொஞ்சம் மேடாக நிற்கும், நகத்தை மெல்ல ஓட்டினால் தட்டுப்படும். இளஞ்சிவப்புக்குப் பொன்னிலிருந்து எடுத்த நிறமி. அதனால் அதில் சாதாரண ரோஸ் கலரில் இல்லாத ஒரு ஊதாச் சாயல் இருக்கும். செங்காவிச் சிவப்பு இரும்பிலிருந்து வருவது, மெல்லிய கோடு போட அதைத்தான் எடுப்பார்கள். புதுச் சரக்கில் பாதி, சுட்ட எனாமலே கிடையாது, மேலே பூசிய பெயிண்ட். இன்னும் மலிவானதில் அச்சடித்த ஸ்டிக்கர் படம் ஒட்டியிருக்கும். லென்ஸில் செய்தித்தாள் புகைப்படம் போல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டலாம்.

கண்ணாடியா பீங்கானா என்ற சந்தேகமும் அடிக்கடி வரும், ஏனென்றால் பால்வெள்ளைக் கண்ணாடி தூரத்திலிருந்து பீங்கான் மாதிரியே இருக்கும். குப்பியின் வாய்க்கு மேல் ஒரு சிறு டார்ச்சைப் பிடியுங்கள். கண்ணாடி முழுக்க ஒரே சீராக ஒளிரும், உள்ளே காற்றுக் குமிழும் சுழலும் தெரியும். பீங்கான் குப்பியின் அடி விளிம்பில் பெரும்பாலும் மெருகு இல்லாத சொரசொர வட்டம் ஒன்று இருக்கும். கண்ணாடியில் அது இருக்காது.

சரி, படத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த என் குப்பியில் இரண்டு காடை, ஒரு பாறை, பாறைக்குப் பின்னால் சாமந்திச் செடி. பார்த்தால் சாதாரண இலையுதிர்காலக் காட்சி. காடையின் பெயரில் 'ஆன்' என்ற ஒலி, அமைதி. சாமந்தி 'ஜூ', குடியிருத்தல். மூன்றாவதாக ஒன்று இல்லாமல் வாக்கியம் முடியாது: தரையில் உதிர்ந்து கிடக்கும் இலைகள். உதிர்ந்த இலையின் ஒலி, செய்யும் தொழிலில் மகிழ்ச்சி என்பதோடு ஒத்துப்போகும். மொத்தமாக, 'நிம்மதியாகக் குடியிருந்து தொழிலில் மகிழ்ந்திரு'. புது வீடு போகிறவருக்கும் வேலையில் சேர்கிறவருக்கும் கொடுக்கத் தோதான வாழ்த்து. என் குப்பியில் மூன்று இலைகள் தரையில் கிடக்கின்றன. ஒன்றில் புழு தின்ற ஓட்டை. ஓட்டையைச் சுற்றிக் கருப்பில் மயிரிழை வட்டம், ஓட்டை வழியாகத் தரையின் பச்சை தெரிகிறது. இலையை அப்படித் தரையில் போட்டு, ஓட்டையும் வைத்தவனுக்கு அது வாக்கியத்தின் கடைசிச் சொல் என்பது தெரியும். இதே காட்சியின் மலிவு நகல்களில் காடை இருக்கும், சாமந்தி இருக்கும், இலை மட்டும் காணாமல் போயிருக்கும், அல்லது பச்சையாகக் கிளையிலேயே தொங்கும்.

பூனையும் வண்ணத்துப்பூச்சியும் இன்னொன்று. பூனையின் ஒலியும் பூச்சியின் ஒலியும் எழுபது, எண்பது, தொண்ணூறு வயதைக் குறிக்கும் சொற்களோடு சேரும். பெரியவர்களின் பிறந்தநாளுக்கான படம். பூனை பூச்சியைப் பார்க்கவேண்டும், இரண்டும் ஒரே காட்சியில் இருக்கவேண்டும். கேட் ஸ்ட்ரீட்டில் ஒரு குப்பியில் வண்ணத்துப்பூச்சி இருந்த இடத்தில் குருவியை வரைந்து வைத்திருந்தார்கள். ஆயுள் வாழ்த்து போய், பூனை வேட்டைக்குக் கிளம்பிய படமாகிவிட்டது. குருவியின் நிலைமையை நினைத்தால் வாழ்த்து என்றே சொல்ல முடியாது.

சேவலும் கோழிக்கொண்டைப் பூவும் சேர்ந்து வரும். சேவலின் கொண்டையும் பூவின் பெயரில் இருக்கும் கொண்டையும் அதிகாரியின் தலைப்பாகையைக் குறிக்கும் சொல்லோடு ஒலியில் ஒன்று. தலைப்பாகை மேல் தலைப்பாகை, அதாவது பதவி உயர்வுக்கு மேல் பதவி உயர்வு. நாமும் அந்தப் பூவைக் கோழிக்கொண்டை என்றே சொல்வதால் இது ஒன்றுதான் எனக்கு விளக்கம் கேட்காமலே பாதி புரிந்தது. குரங்கு குதிரைமேல் உட்கார்ந்திருந்தால் சீக்கிரமே பிரபு பட்டம். மேக்பை பறவை பிளம் கிளையில் உட்கார்ந்தால் புருவ நுனி வரை மகிழ்ச்சி. தாமரையும் மீனும் ஆண்டுதோறும் மிச்சம் மீதியோடு வாழ்வு. வெள்ளைக் கொக்கும் தாமரையும் தேர்வு மேல் தேர்வில் வெற்றி. கொடியோடு சுரைக்காய், பிளந்து விதை தெரியும் மாதுளை என்றால் பிள்ளைப்பேறு. பீச், மாதுளை, 'புத்தர் கை' எனும் நாரத்தை வகை, மூன்றும் சேர்ந்தால் ஆயுள், பிள்ளைகள், நற்பேறு மூன்றும் மிகுதியாக. நூல் பிடித்து இறங்கும் சிலந்தி வானத்திலிருந்து இறங்கும் மகிழ்ச்சி. நம் வீட்டில் அதற்கு ஒட்டடைக்குச்சிதான்.

இதில் ஒரு வியாதியும் உண்டு. கொஞ்ச நாள் பழகியதும் ஒவ்வொரு புல்லுக்கும் பொருள் சொல்லத் தோன்றும். சில பூக்கள் அழகுக்காகத்தான் இருக்கின்றன. சியன்லோங் அரண்மனை வேலையிலேயே ஐரோப்பியப் பெண்ணும் குழந்தையும் வரும் குப்பிகள் உண்டு. அது அன்றைய மேனாட்டு மோகம், அதற்குள் சிலேடையைத் தோண்ட வேண்டியதில்லை. இரண்டு மூன்று பொருட்கள் வழக்கமான ஜோடியாக நிற்கும்போது மட்டும் படியுங்கள். ஒற்றைப் பியோனிப் பூவைப் பார்த்துச் செல்வம், பதவி என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொரு எச்சரிக்கை இதைவிட முக்கியம். படம் சரியாக இருந்தால் குப்பி பழையது என்று ஆகிவிடாது. இதற்கு நல்ல உதாரணம் யே குடும்பம். பெய்ஜிங்கில் குப்பியின் உட்புறத்தில் ஓவியம் தீட்டுவதில் பேரெடுத்த யே சோங்சானின் மகன் யே பெங்சி, 1930களிலும் 40களிலும் பதினெட்டாம் நூற்றாண்டுப் பாணியில் எனாமல் கண்ணாடிக் குப்பிகள் செய்தார். சிலவற்றில் சியன்லோங் முத்திரை, சிலவற்றில் 'கூயுவே ஷுவான்' முத்திரை. அவருடைய குப்பிகள் பல ஆண்டுகள் மேனாட்டுச் சேகரிப்புகளில் அரண்மனைச் சரக்காகவே உட்கார்ந்திருந்தன. அவரிடம் கற்ற வாங் ஷிசானும் பிறகு இந்த வேலையைச் செய்தார். இவர்களுக்குக் காடையும் தெரியும், உதிர்ந்த இலையும் தெரியும். படத்தின் இலக்கணத்தில் இவர்களைப் பிடிக்க முடியாது. என் காடைக் குப்பியே இருபதாம் நூற்றாண்டு, பெய்ஜிங் என்று ஏலப் பட்டியலில் நேர்மையாகப் போட்டிருந்ததுதான். அந்த விலைக்குத்தான் எடுத்தேன், அதில் எனக்கு முழுத் திருப்தி. விளிம்பு உடைந்து ஒட்டிய பதினெட்டாம் நூற்றாண்டுக் குப்பியைவிடக் குறையில்லாத 1930களின் குப்பி மேல் என்பது என் கட்சி. பெரிய சேகரிப்பாளர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

கூயுவே ஷுவான் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் விற்பவர்கள் இந்தப் பெயரை மந்திரம் போல் ஓதுவார்கள். 'பழைய நிலா மண்டபம்' என்று பொருள். ஹூ என்ற குடும்பப் பெயரின் எழுத்தைப் பிரித்தால் 'கூ', 'யுவே' என்ற இரண்டு எழுத்தும் வரும், ஆகவே ஹூ என்ற கண்ணாடிக்காரர் வைத்த பெயர் என்று ஒரு கதை வெகுநாள் ஓடியது. சியன்லோங் தன் யுவான்மிங்யுவான் தோட்ட அரண்மனையில் 1767இல் இந்தப் பெயரில் மண்டபம் கட்டினார் என்பது தெரிந்த பிறகு அந்தக் கதை செல்லவில்லை. உங்களிடம் ஒருவர் ஹூ கதையைச் சொல்லி விற்க வந்தால் அவர் புதிதாக எதுவும் படித்து ரொம்ப நாளாகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்காகக் குப்பியைத் தள்ளிவிடாதீர்கள், விலையை மட்டும் குறையுங்கள்.

முத்திரையைக் கடைசியில் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். நான்கு எழுத்து எழுதுவது இருபது காடை இறகு வரைவதைவிட எளிது. சீனாவில் முந்தைய பேரரசரின் முத்திரையை மரியாதைக்காகப் போடும் வழக்கமும் இருந்தது, ஆகவே பொய் முத்திரை எல்லாமே ஏமாற்று வேலை இல்லை.

குப்பியின் உடம்பைப் பார்க்கும்போது நான் முதலில் போவது வாய்க்கு. கழுத்து மட்டும் உடலோடு பொருந்தாமல் குட்டையாக இருந்தால், சில்லு பெயர்ந்த விளிம்பைத் தேய்த்துச் சமப்படுத்தியிருப்பார்கள். மூடியைக் கழற்றி விளிம்பைப் பார்க்கவேண்டும். பெரிய பவள மூடி சில சமயம் மறைப்பதற்காகவே வைத்தது. மூடிகள் பெரும்பாலும் பிற்பாடு மாற்றியவைதான், அதைக் குறையாக எடுக்க வேண்டாம். அப்புறம் இருட்டில் புற ஊதா டார்ச். பிசின் வைத்து ஒட்டிய இடமும் புதுப் பெயிண்ட் பூசிய இடமும் சுற்றியிருப்பதிலிருந்து வேறாக ஒளிரும். இந்த டார்ச் விலை மதிய உணவு விலைதான், ஆனால் இதை வெளியே எடுத்ததும் சில கடைக்காரர்களின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். மாறாத கடையில் வாங்குங்கள். காங்ஷி காலத்துக் கண்ணாடி சிலவற்றில் உடம்பெங்கும் மெல்லிய வலைப்பின்னல் விரிசல் இருக்கும். கலவையில் காரம் கூடிப்போனதால் வந்த நோய் அது. பழமைக்கு ஒரு அடையாளம் என்றாலும் ஈரத்தில் இன்னும் மோசமாகும். வீட்டில் கட்டுப்பாடான சூழல் இல்லாதவர் தொட வேண்டாம்.

சட்டம் பக்கம் வந்தால் இரண்டு விஷயம். சீனப் பெருநிலத்தில் 2007இல் வந்த விதிப்படி 1911க்கு முந்தைய பண்பாட்டுப் பொருள்கள் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது. ஆகவே பெய்ஜிங்கின் பான்ஜியாயுவான் சந்தையில் ஒருவர் சியன்லோங் குப்பியை நீட்டி, தாராளமாக எடுத்துப் போகலாம் என்றால், இரண்டில் ஒன்று பொய். ஹாங்காங்கில் அந்தத் தடை கிடையாது. நல்ல குப்பிகள் இங்கே கைமாறுவதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டாவது, மூடியோடு வரும் கரண்டி. பழைய கரண்டிகள் பல யானைத் தந்தம். 2021 கடைசியிலிருந்து ஹாங்காங்கில் தந்த வியாபாரத்துக்குத் தடை. 1925க்கு முந்தைய பழம்பொருளுக்கு விலக்கு உண்டு என்றாலும் அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில். இந்தியாவில் தந்தம் வைத்திருப்பதே வம்பு. வெள்ளையாக, குறுக்கும் நெடுக்கும் மெல்லிய வரியோடு கரண்டி இருந்தால், அதைக் கடையிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு மூங்கில் கரண்டி போட்டுத் தரச் சொல்லுங்கள். ஒரு விரற்கடைச் சாமானுக்காக முழுக் குப்பியும் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது. பவள மூடிக்கும் சில நாடுகளில் தாள் கேட்பார்கள்.

புதிதாக ஆரம்பிப்பவர் எனாமல் கண்ணாடியில் ஆரம்பிக்க வேண்டாம் என்பேன். தாவோகுவாங் பேரரசர் காலத்துப் பீங்கான் குப்பி, அதாவது 1821 முதல் 1850 வரை, ஏராளமாகச் செய்யப்பட்டது. அதே சிலேடைப் படங்கள் அதிலும் உண்டு, விலை பல மடங்கு குறைவு, போலிகளும் அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருக்காது. படம் படிக்க அதில் பழகிக்கொண்டு கண்ணாடிக்கு வரலாம். குப்பிக்கு வரலாறு இருந்தால் கூடுதல் பணம் கொடுங்கள்: அடியில் ஒட்டிய பழைய சேகரிப்பு எண், ஏல நிறுவனத்தின் லேபிள், பழைய ரசீது. அழுக்காக இருக்கிறது என்று அந்த லேபிளைக் கழுவி எடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். விற்கப்போனபோது கேட்ட முதல் கேள்வியே லேபிள் எங்கே என்பதுதான். 1968இல் அமெரிக்காவில் தொடங்கிய சீனப் பொடிக் குப்பிச் சங்கம் இப்போது பன்னாட்டு அமைப்பாக இருக்கிறது. அதன் இதழ்களில் வந்த படத்தில் உங்கள் குப்பி இருந்தால் அதுவே பெரிய சான்று. ஏலத்தில் எடுப்பவர்கள் சுத்தியல் விழும் தொகையோடு கணக்கை முடிக்கக் கூடாது. பெரிய நிறுவனங்கள் அதன்மேல் கால் பங்குக்குக் குறையாமல் தரகு போடுகின்றன. என் உச்ச வரம்பை அதையும் சேர்த்தே தாளில் எழுதிக்கொண்டுதான் உட்காருவேன்.

வீட்டில் வைத்துக்கொள்வது பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. வெந்நீரில் கழுவாதீர்கள், பழைய கண்ணாடிக்குத் திடீர்ச் சூடு ஆகாது. உள்ளே பொடியின் கறை இருந்தால் இருக்கட்டும், நிஜமாகப் புழங்கியதற்கு அது சாட்சி. தக்கை உப்பியிருந்தால் அழுத்தித் திணிக்காமல் ஒரு சுற்றுச் சீவிவிடுங்கள்; கழுத்தில் விரிசல் விழுவது பெரும்பாலும் அப்படித்தான். மூடியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அலமாரிக்குள் அடியில் கொஞ்சம் அருங்காட்சியக மெழுகு வைத்தால் கதவைச் சாத்தும் அதிர்ச்சிக்குச் சாயாது.

ஹாங்காங்கில் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் பெரிய ஏலங்கள் நடக்கும். ஏலத்துக்கு முந்தைய சில நாள் முன்காட்சி, கட்டணம் கிடையாது, வாங்கத்தான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் மட்டும் பார்க்கக் கிடைக்கும் தரத்தை இங்கே கேட்டால் கையில் எடுத்துக் கொடுப்பார்கள். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிட்டு, உட்கார்ந்துகொண்டு, மேசைக்கு மேலேயே வைத்துப் பாருங்கள். குறை அறிக்கையைக் கேட்டு வாங்கி, அதில் எழுதியதையெல்லாம் லென்ஸில் நீங்களே ஒருமுறை தேடிப் பிடியுங்கள். எழுதாதது ஏதாவது கண்ணில் பட்டால் அங்கிருக்கும் நிபுணரிடமே கேளுங்கள், அவர்கள் பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.